கொள்ளு மேல் ஏறிய படகு கார்

என் பெயரில் இருநூற்றுப் பதினான்கு வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. நான் பஸ்ஸில்தான் போய்வருகிறேன், அதிலும் முன் சீட்டில் உட்காருவதில்லை. ரோடு கண்ணில் பட்டால் கால் தானாக பிரேக்கைத் தேடும். பக்கத்தில் இருப்பவர்களின் காலை மிதித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

திருச்சி பாலக்கரையில் இருபது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள் நான். மனிதர்கள் கையால் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்த வருடம் அதை மூடினேன். புது வண்டிகள் மூளையோடு வந்து இறங்கின. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மூளை வாங்கிப் பொருத்த வேண்டும். அந்த மூளைக்கு ரோட்டு விதி எல்லாம் தெரியும், நம் ஊர் ரோடு மட்டும் தெரியாது. எதிர்த்திசையில் வருகிற தயிர்க்காரர், நடு ரோட்டில் நின்று போன் பேசுகிற மாப்பிள்ளை, படுத்தால் எழுந்திருக்காத மாடு, இவை எந்த விதியிலும் இல்லை. அதனால் ஒரு ஆள் அந்த வண்டியை ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த ஆளுக்குப் பழக்குநர் என்று பெயர். எங்கள் மாவட்டத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஞானசௌந்தரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, டீச்சர் என்றால் ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் தெரியும்.

இருநூற்றுப் பதினான்காவதாக, கடைசியாக வந்ததுதான் செவ்வந்திலிங்கத்தின் படகு கார்.

அது ஐம்பத்தொன்பதாம் வருடத்து அமெரிக்க இம்பாலா. படகு மாதிரி நீளம், கூரை கிடையாது. பின்பக்கம் இரண்டு இறக்கைகள் விரித்தபடி இருக்கும். அவருடைய தாத்தா ஏதோ ஜமீனிலிருந்து வாங்கியது. மூன்று தலைமுறையாக மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள். திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் அந்தப் பின்சீட்டில் உட்காராத மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதாகவே கணக்கில்லை என்பார் அவர். சட்டத்துக்காக அதை அடியோடு மாற்றியிருந்தார். எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார், டிக்கி நிறைய பேட்டரி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சீட்டுக்கு அடியில் மூளை. கூரை இல்லாத காருக்கு ஏசி வேறு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். பட்டு வேட்டிக்குள் காற்று போக வேண்டாமா டீச்சர் என்றார்.

ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குச் சண்டை வந்தது. மற்ற வண்டிகளில் கேமரா கூரை மேல் இருக்கும், தூரத்தில் கிடப்பதை மேலிருந்து பார்க்கும். இதற்குக் கூரை இல்லை. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். செவ்வந்திலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோவில் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கொம்பு மாதிரி நிற்குமாம். கடைசியில் முன்பக்க கிரில்லுக்குள், முழங்கால் உயரத்தில், வெளியே தெரியாமல் ஒளித்து வைத்தார்கள். விதியில் உயரம் எவ்வளவு என்று போட்டிருக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த மாதம் அது என் ஆறாவது வண்டி, இடுப்பு வலி வேறு. விட்டுக்கொடுத்தேன்.

பழக்கும் நாட்களில் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார். ஒரு நாள் மாத்தூர் தாண்டும்போது கேட்டார்.

"இது என்னத்த டீச்சர் உங்ககிட்ட கத்துக்கும்?"

"என்னையத்தான். நான் எங்க பயந்து காலை எடுக்குறேனோ, அங்க அதுவும் எடுக்கும். நான் எதைக் கண்டுக்காமப் போறேனோ, அதை அதுவும் கண்டுக்காது. ஐந்நூறு முடிஞ்சா சீல் வச்சிருவாங்க. அப்புறம் மாத்த முடியாது."

"தப்பா எதையாவது கத்துக்கிட்டா?"

"சர்டிபிகேட்ல என் கையெழுத்து இருக்குல்ல. என்னையத்தான் கூப்பிடுவாங்க."

அப்படிக் கூப்பிடவும் செய்தார்கள். ஒரு வண்டி நாயை அடித்துவிட்டது என்றும், இன்னொன்று ஸ்கூட்டரை உரசியது என்றும் வருடத்துக்கு நாலைந்து முறை போன் வரும். நான் அங்கே இருந்திருக்கவே மாட்டேன். ஆனாலும் என் கால்தான் அங்கே மிதித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவேன், காயம் பட்டவர்களைப் பார்ப்பேன், பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். வண்டிகள் கூடக்கூட இந்தக் களைப்பும் கூடிக்கொண்டே வந்தது. தூங்கி எழுந்தாலும் அது போவதில்லை.

அன்றைக்குக் கீரனூர் தாண்டியதும் ரோட்டின் பாதியில் கொள்ளுச் செடியை அறுத்துப் பரப்பியிருந்தார்கள். மாசி மாதம் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வண்டிச் சக்கரம் ஏறினால் காய் உடைந்து கொள்ளு உதிரும். களத்துக்குக் கொண்டுபோய்க் கம்பால் அடிக்கிற வேலை மிச்சம். ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், இந்தப் பக்கமாக வாங்க என்று துண்டை வீசினார். எத்தனையோ வண்டிகளோடு நான் செய்ததுதான். ஒதுங்கிப் போகாமல் செடி மேலேயே ஏற்றினேன். சடசடவென்று நொறுங்கியது. திறந்த வண்டி என்பதால் அந்த வாசனை முகத்தில் அடித்தது. இரண்டு டன் எடை, கொள்ளடிக்க இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. செவ்வந்திலிங்கம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் வெகுநாள் கழித்துச் சிரித்தேன். திரும்பி வந்து இன்னொரு முறை ஏற்றினேன், பிறகு இன்னொரு முறை. பெரியவர் கும்பிட்டார்.

சீட்டுக்கு அடியில் இருந்த மூளையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோட்டில் செடி கிடந்தால் அதன் மேல்தான் போக வேண்டும் என்று அது கற்றுக்கொண்டது.

மறுவருடம் மாசியில் எனக்குப் போன் வந்தது. புதுக்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பை முடித்துக்கொண்டு, காலையில் செவ்வந்திலிங்கம் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தார். வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். கீரனூருக்கு இந்தப் பக்கம் கொள்ளு கிடந்தது. வண்டி தன் பாதையை விட்டு ஒதுங்கி, வேகம் குறைக்காமல், செடி மேல் ஏறியது. அங்கே அடைக்கி என்கிற பெண் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலுக்காகத் தலையிலும் முதுகிலும் ஒரு கட்டுச் செடியைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்தாள். முழங்கால் உயரத்திலிருந்து பார்த்தால் அவளும் ஒரு செடிக் குவியல்தான்.

"ஏறினது தெரியல டீச்சர்," என்றார் செவ்வந்திலிங்கம், ஆஸ்பத்திரி வராந்தாவில். "கொள்ளு மேல போனாலே குலுங்கும்ல. அதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. கூரை இல்லாததுனாலதான் கத்துனது காதுல விழுந்துச்சு. இல்லன்னா வீட்டுக்கே வந்து சேந்திருப்பேன்."

அடைக்கியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வார்டு வாசல்வரை போனேன். உள்ளே போக முடியவில்லை. மற்றவர்களைப் பார்த்த மாதிரி அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ரோட்டில் மூன்று முறை சிரித்துக்கொண்டே ஏற்றியவள் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். போக்குவரத்து அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு அறை. அதில் ஒரு சீட், ஸ்டியரிங், மிதிகள், எதிரே மூன்று பெரிய திரைகள். தாவூது என்கிற அதிகாரி எனக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்தான், அந்தப் பழைய மரியாதை இன்னும் இருந்தது.

"இருபது காட்சி வரும் மேடம். அதுல ஒண்ணு அன்னைக்கு நடந்தது. எதுன்னு சொல்ல மாட்டோம். வண்டி செஞ்சதையே நீங்களும் செஞ்சா, அது உங்க பழக்கம்னு ஆயிரும். லைசென்ஸ் போயிரும். நீங்க பழக்குன வண்டி அத்தனையும் அன்னைக்கே நிக்கும். நீங்க வேற மாதிரி ஓட்டுனா, மூளை தப்பாக் கத்துக்கிச்சுன்னு கம்பெனி மேல போயிரும்."

"நான் ஏத்தித்தான் போவேன் தாவூது. ஏத்தியிருக்கேன். எழுதித் தர்றேன், வாங்கிக்கங்க."

"எழுதிக் குடுத்தாச் செல்லாது மேடம். வாய் என்ன வேணா சொல்லும்னுதான் காலைப் பாக்குறாங்க."

சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தேன். கொள்ளு வந்தால் அன்றைக்கு எப்படி மிதித்தேனோ அப்படியே மிதிக்க வேண்டும். அந்த இருநூற்றுப் பதினான்கு வண்டிக்காரர்களின் முகமும் ஞாபகத்தில் இருந்தது. அவர்கள் பாவம்தான். ஆனாலும் நடந்தது நடந்ததுதான், அதற்கு ஒரு பெயர் வேண்டும், அது என் பெயர்.

முதல் காட்சியில் ஒரு லாரி. நின்றேன். இரண்டாவதில் பஸ் ஸ்டாப். நின்றேன். மூன்றாவதில் ஒரு புளியமரத்து நிழல் ரோட்டில் விழுந்திருந்தது. அதற்கும் நின்றேன். நாலாவதோ ஐந்தாவதோ, கொள்ளு வந்தது. ஆக்சிலேட்டரை மிதி என்று எனக்கு நானே சொன்னேன். கால் மரக்கட்டையாக பிரேக்கில் கிடந்தது. இடது கையால் என் தொடையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. செடிக்கு இருபது அடி முன்னால் வண்டி நின்றது. அதன் பிறகு ஒரு காகிதக் கப்புக்கும் நின்றேன்.

தாவூது என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.

"பத்தொம்பதுல நின்னுட்டீங்க மேடம். மிச்சம் ஒண்ணு வெறும் ரோடு. அதுலயும் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டல. வண்டிக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகல. உங்க மேல தப்பு இல்ல."

"அன்னைக்கு மூணு தடவை ஏத்தினேன்."

"அன்னைக்கு ஓட்டுனவங்க இப்ப இல்ல மேடம். இப்ப இருக்கறவங்களைத்தான் சட்டம் கேக்குது."

"அப்ப அந்த இருநூத்திப் பதினாலையும் யாரு ஓட்டிக்கிட்டிருக்கா?"

தாவூது திரைகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். தப்பில்லை என்று சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை, கூடத்தான் செய்தது.

கம்பெனி மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. நஷ்டஈடு கொடுத்துவிட்டு, ஒரே வாரத்தில் தங்கள் மூளை உள்ள எல்லா வண்டிகளுக்கும் மேலிருந்தே ஒரு உத்தரவை அனுப்பியது. ரோட்டில் செடி, வைக்கோல், தழை எது கிடந்தாலும் ஏறக் கூடாது. ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லாவிட்டால் நிற்க வேண்டும். சீல் வைத்ததை மாற்ற முடியாது என்று எங்களிடம் இத்தனை வருடம் சொல்லி வந்தார்கள். மாற்ற முடியாமல் இல்லை, மாற்ற ஒரு கால் தேவைப்பட்டிருக்கிறது.

அதற்கடுத்த மாசியில் செவ்வந்திலிங்கம் என் வீட்டுக்கு வந்தார். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூளையை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். மூளை இல்லாத வண்டியைக் கையால் ஓட்ட, சிவப்புப் பலகை மாட்டிக்கொண்டு, பழக்குநர் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. அடைக்கி உங்களைக் கூட்டிவரச் சொன்னாள் என்றார். அவர் மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போய்வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஆப்பிள் வாங்கிப் போவாராம். அது வெயிலுக்கு அழுகிப்போகிறது, இனிமேல் வாங்கிவராதீர்கள் என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று கேட்டேன். தெரியாது, வண்டியையும் கொண்டுவரச் சொன்னாள் என்றார். அந்த வண்டியை அவள் கண் முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் கூசியது. வர முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் திட்டுவதற்காகக் கூப்பிடுகிறாள் என்றால் அதையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஒரு வருடமாக என்னை யாரும் திட்டவில்லை.

திருச்சியிலிருந்து கீரனூருக்கு முக்கால் மணி நேரம். நான் ஓட்டியதில் இரண்டு மணி நேரம் ஆனது. மற்ற வண்டிகள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு ஒழுங்காகப் போயின.

அடைக்கி ரோட்டோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊன்றுகோல் கீழே கிடந்தது. முன்னால் கொள்ளுச் செடியைக் குவித்து, உட்கார்ந்தபடியே நீளக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்தது கொஞ்சம், கிடந்தது ஒரு கொல்லை அளவு. ரோட்டில் நீளமாகப் பரப்பியும் வைத்திருந்தாள். நாங்கள் நிற்கும்போதே ஒரு கார் வந்தது. செடிக்கு முன்னால் நின்று, யோசித்து, மறுபக்கம் ஓரமாகப் புழுதியில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனது.

நான் இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் இருந்தன. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கம்பைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானா டீச்சரம்மா? ரோட்டுல கெடந்தா ஏறாதன்னு வண்டிக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"அது கம்பெனி. நான் ஏறச் சொல்லிக் குடுத்தவ. உன் கால்..."

"கால் போனது போயிருச்சு. செடியப் போத்திக்கிட்டு நடு ரோட்டுல கெடந்தவ நானு. எவன் வந்தாலும் தெரிஞ்சிருக்காது. இப்பப் பாருங்க. ஒரு வண்டி ஏற மாட்டேங்குது. டிராக்டரக் கூப்பிட்டேன், அதுவும் செடியக் கண்டா நிக்குது. அதுக்கும் அதே மூளையாம். ஊரே கம்பு எடுத்து அடிக்குது. ரெண்டு காலு உள்ளவ நின்னு அடிக்கிறா. நான் உக்காந்து எம்புட்டு அடிக்க?"

அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை. களைப்பாகப் பேசினாள். என் களைப்பை நான் பெரிதாக நினைத்திருந்தது வெட்கமாக இருந்தது.

"இவருதான் சொன்னாரு, இந்த வண்டிக்கு மூளையப் புடுங்கிட்டாங்க, டீச்சரம்மா கையால ஓட்டுவாங்கன்னு. அதான் வரச் சொன்னேன். ஏத்துங்க."

நான் வண்டியில் ஏறினேன். செடியைப் பார்த்தேன். மறுபடி இறங்கினேன். பரப்பியிருந்த செடி முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, குனிந்து இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றும் இல்லை. வந்து உட்கார்ந்தேன். கால் பிரேக்கில்தான் இருந்தது. மறுபடி இறங்கி நடந்தேன். கை எல்லாம் சுணை ஒட்டி அரித்தது. மூன்றாவது முறை வந்து உட்கார்ந்தபோது அழுதுவிட்டேன். என்னால் முடியாது, வேறு ஆள் பாருங்கள் என்று செவ்வந்திலிங்கத்திடம் சொன்னேன். மாவட்டத்திலுள்ள மற்ற எட்டுப் பேரும் லைசென்ஸுக்குப் பயந்து வர மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடைக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்து எழுந்து வந்தாள். முன்பக்கம் சுற்றி வந்து, வண்டியின் மூக்கைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்து, மறுபக்கக் கதவைத் திறக்கச் சொன்னாள். செவ்வந்திலிங்கம் பதறித் திறந்தார். அவர் தோளைப் பிடித்து ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டாள். மாப்பிள்ளைகள் உட்காரும் சீட்டில் அது கிடந்தது.

"இந்நேரத்துல கொள்ளுக்குள்ள கெடக்குறவ இந்த ஊருல நான் ஒருத்திதான்," என்றாள். "நான்தான் இங்க உக்காந்திருக்கேனே. ஓட்டுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பிரேக்கை விட்டு எழுந்தது. வண்டி மெல்ல நகர்ந்து செடி மேல் ஏறியது. காய்கள் சடசடவென்று உடைந்தன. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கை கதவை இறுக்கிப் பிடித்தது. அவளுக்கும் பயம் இருந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. முனை வரை போனோம், திரும்பி வந்தோம். ஓரத்தில் இன்னும் உடையவில்லை என்று கை நீட்டிக் காட்டினாள். அங்கேயும் ஏற்றினேன். பத்துப் பதினைந்து நடை ஓட்டியிருப்பேன்.

அவள் இறங்கிக் குனிந்து ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்தாள். உள்ளங்கையில் கொள்ளு சுத்தமாக நின்றது. நான் மன்னிப்புக் கேட்க இன்னொரு முறை வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு வெள்ளனவே வந்துருங்க," என்றாள் அடைக்கி. "பக்கத்துக் கொல்லையும் அறுத்துக் கெடக்கு."